அம்மா பேரில் வரும் மெயில்

அன்பு மகள் காரிஸுக்கு, ஃபிஷ்கார்டிலிருந்து அப்பா எழுதுவது. எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பெல்லாம்.

போன வாரம் நீ போனை எடுத்ததும் அம்மா அழுதாளே, பயந்திருப்பாய். அவள் பக்கத்திலேயே நின்றதால், அம்மா பேரில் எந்த மெயில் வந்தாலும் திறக்காதே என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் அம்மாவும் இணையத்தில் சேர்ந்து காசு வைத்து ஆடும் அந்த பிங்கோ தளத்தின் பேரில் அவளுக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. பெரிய பரிசு விழுந்திருக்கிறது, இன்றைக்குள் கணக்கை உறுதி செய்யாவிட்டால் ரத்து என்று. அதே நிறம், அதே படம், அனுப்பிய முகவரியில் மட்டும் ஒரு எழுத்து கூடுதல், அதை யார் பார்க்கிறார்கள்? அதிலிருந்த லிங்க்கை அழுத்தி பாஸ்வேர்டைப் போட்டுவிட்டாள், மெயிலுக்கும் அவளுக்கு அதே பாஸ்வேர்டுதான். கொஞ்ச நேரத்தில் ஒருவன் போனில் வந்து, பரிசைப் பத்திரப்படுத்தத்தாம்மா, போன்ல வந்த நம்பரைச் சொல்லுங்க என்று தேனாகப் பேசியிருக்கிறான். நான் நாயை வெளியே கூட்டிப்போய்விட்டு வந்து கதவைத் திறக்கிறேன், இவள் எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். போனைப் பிடுங்கி அணைத்தேன். நான் ஜெயிச்சா உங்களுக்கு என்னைக்குமே பொறுக்காது என்று கத்தினாள். அப்புறம் பாங்கில் பேசி கார்டை நிறுத்தினோம், பணம் தப்பியது, நானும் முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் உன் க்வெண்டா அத்தை வீட்டுச் செருப்போடு மழையில் ஓடிவந்தாள். காரிஸ் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், உதவிக்கு இங்கே அழுத்துங்கள் என்று அவளுக்கு அம்மா பேரிலேயே மெயில் வந்திருக்கிறது. நம் மெயிலையெல்லாம் படித்து, உன் பேரையும் ஊரையும் எடுத்திருக்கிறார்கள் பாவிகள். இது பொய்தான் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் உடனே உனக்குப் போன் போட்டோம், உன் குரல் கேட்டதும்தான் அம்மா அப்படி அழுதாள். அதன்பிறகுதான் மெயில் பாஸ்வேர்டை மாற்றினோம். இருந்தாலும் யார் யாருக்கு என்ன எழுதியிருக்கிறார்களோ என்று தூக்கமே வருவதில்லை.

நீ ஆடுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் மெயிலில் வரும் லிங்க்கைத் தொடாதே, தளத்தின் முகவரியை நீயே அடித்துப் போ, பரிசு உண்மையாக இருந்தால் அங்கே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு வை, போனில் வரும் எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதே. அவசரம் அவசரம் என்று எவனாவது விரட்டினால் போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும் சரி.

அம்மா போனையே தொடுவதில்லை. இந்த ஞாயிறு நீங்கள் ஆடும் நேரத்தில் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். நீ இதைச் சொல்லிச் சிரித்துவிடாதே. அவளுக்கு முகம் காட்ட வெட்கமாக இருக்கிறது.

இருவரும் நிறைவாய் வாழுங்கள். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததைப் போனில் சொல், மெயிலில் வேண்டாம்.

உன் அப்பா,
ஈவன்

கண்ணு, அப்பாகிட்டேருந்து பேனாவை வாங்கி நான் எழுதுறேன். என் கோணல் கையெழுத்து உனக்குத் தெரியும், இது நிஜமா நான்தான். பிங்கோ வேணாம், ஞாயித்துக்கிழமை சும்மா கூப்பிடு.
அம்மா