அப்பாவுக்காக ஓடியவள்

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

நலம்தானே என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். உங்களோடு வேலை பார்க்கிற வெல்டர் அண்ணன் விடுப்பு முடிந்து விடியற்காலையில் கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாலு தூங்கிவிட்டாள். சளி விட்டுவிட்டது, கவலை வேண்டாம். சமையலறைக் குழாய் மட்டும் இன்னும் சொட்டுகிறது.

சாயங்காலம் போனில் சொன்னதை நீங்கள் முழுசாகக் கேட்கவில்லை. "ஓட்டப்பந்தய வீரன்னு சொன்னாங்களா? மெடல் எங்க?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டீர்கள். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கிளம்புவதற்கு முன் சேர்ந்தோமே, அந்த மக்கள் உடல்நல ஆய்வு. ரத்தம், சிறுநீர், எச்சில், இடுப்பளவு, கைப்பிடியின் பலம் என்று ஒன்று விடாமல் எடுத்தார்கள்; நடையையும் ஓட்டத்தையும் எண்ணுகிற பட்டை ஒன்றையும் கையில் கட்டிவிட்டார்கள். என்ன சாப்பிடுகிறோம், எப்போது தூங்குகிறோம், ஜன்னல் எந்தத் தெருவைப் பார்க்கிறது என்று என் அம்மாகூடக் கேட்காததையெல்லாம் கேட்டார்கள். "கல்யாணத்துக்கு முன்னாடி இவ அப்பாகூட என்னை இவ்வளவு விசாரிக்கலை" என்று நீங்கள் சொன்னதற்கு நர்ஸ் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அவர்தான் இன்று கூப்பிட்டவர். உங்கள் பழைய எண் கிடைக்காததால், நீங்கள் கொடுத்திருந்த என் எண்ணுக்கு அடித்திருக்கிறார்.

உங்கள் ஸ்கேனில் இதயத்தின் சுவர் கொஞ்சம் தடித்துத் தெரிகிறதாம். ஆய்வுக்காக எடுத்த படம்தான், ஆனாலும் கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்கக் கூடாதாம். "பயப்படாதீங்கம்மா. நல்லா ஓடியாடுறவங்களுக்கு இப்படித் தடிக்கிறது உண்டு. உங்க வீட்டுக்காரர் கைப்பட்டையில பதிவானதைப் பார்த்துட்டு டாக்டரே அசந்துட்டார். ஊருக்கு வரும்போது காட்டினாப் போதும்" என்றார்.

ஒரு வாரம் கழற்றாமல் கட்டியிருக்கச் சொன்ன அந்தப் பட்டையை நீங்கள் எங்கே கட்டியிருந்தீர்கள்? "நான் சோம்பேறின்னு உலகத்துக்கே தெரியணுமா?" என்று அதை வாலுவின் கணுக்காலில் மாட்டி, "அப்பாவுக்காக ஓடு தங்கம்" என்று கூடத்தில் விரட்டிவிட்டீர்கள். நானும் கைதட்டிச் சிரித்தேன்.

அது மட்டுமா? படியேறினால் மூச்சு வாங்குமா என்று கேட்டதற்கு இல்லவே இல்லை என்றீர்கள். நம் வீட்டுக்கு ஏறும்போது பாதியில் நின்று, யாருமே கூப்பிடாத போனை எடுத்துப் பார்ப்பீர்களே, எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? லிஃப்ட் பொருத்துகிறவர் நீங்கள். நீங்கள் ஏறுகிற கட்டடம் எதிலும் இன்னும் லிஃப்ட் வந்திருக்காதே.

நர்ஸ் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் கோபப்பட்டாலும் சரி. அவர் உடனே போனை வைத்தார். டாக்டரிடம் கேட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டபோது குரலில் சிரிப்பில்லை. "ஊருக்கு வரும்போது இல்லம்மா, இப்பவே அங்கயே காட்டணும். அதுவரைக்கும் படியேற வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

வெல்டர் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன். "கழுத்தைப் பிடிச்சாவது கூட்டிட்டுப் போறேன்மா" என்றார். அவருக்கு அந்த வேலை வைக்காதீர்கள். அங்கே டாக்டர் கேட்டால் ஜோக் அடிக்காமல் பதில் சொல்லுங்கள். எனக்குச் சொல்லாததையும் அவரிடம் சொல்லுங்கள்.

வாலு இன்னும் ஓடுகிறாள். பட்டையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் கேட்பதில்லை. என் தலைமுடி ரப்பர்பேண்டைக் காலில் மாட்டிக்கொண்டு, "அப்பாவுக்கு ஓடறேன்" என்று வியர்த்து ஊற்றும்வரை கூடத்தைச் சுற்றுகிறாள். எனக்குத் தடுக்க மனம் வரவில்லை. அவள் ஓடுவது உங்கள் நெஞ்சுக்குப் போய்ச் சேருமென்றால் நானும் கூடவே ஓடுவேன்.

இதைப் படியில் நின்று படிக்கிறீர்கள் என்றால், அதற்கு மேல் ஏறாமல் இறங்கி வந்துவிடுங்கள்.

உங்கள் குரலுக்காகக் காத்திருக்கும்,
வாலுவின் அம்மா