ஒண்ணுதான் எடுக்கணும்

ஜூன் 16, திங்கள்

இன்று காலை கடையில் இருந்தவர்கள்: நான். பக்கத்து டீக்கடை மண்ணாங்கட்டி. எதிரே பூ விற்கும் எல்லம்மாள். கரண்ட் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆன ராஜேந்திரன். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்திருக்கிற வெள்ளைக்காரம்மா. ஒரு நாய்.

இந்த ஆறு பேரில் என்னைக் கழித்தால், மீதியில் ஒருத்தர்தான் பேப்பர் திருடுவது. நாயை விட்டுவிடலாம். வெள்ளைக்காரம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அவளையும் விட்டுவிடலாம். வேண்டாம், விட வேண்டாம். ஜன்னல் துடைக்க எடுத்திருக்கலாம்.

விடியற்காலையில் வேன்காரன் பேப்பர்க் கட்டைப் போட்டுவிட்டுப் போனதும் மேசையில் அடுக்கி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு, லாட்ஜுகளுக்குப் பேப்பர் போட ஒரு சுற்று போகிறேன். திரும்பி வருவதற்குள் குறைகிறது. தினமும். ஆனால் கல் வைத்தபடியே இருக்கிறது. கல்லைத் தூக்கி, பேப்பரை உருவி, மறுபடி கல்லை அதே இடத்தில் வைத்துவிட்டுப் போகிற திருடன்! ஒழுங்கானவன். அதுதான் இன்னும் எரிகிறது.

ஜூன் 17, செவ்வாய்

எல்லம்மாளாகத்தான் இருக்கும். என் மகள் கல்யாணத்தில் ரெண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, வாசலில் நின்று "உப்பு ஜாஸ்தி"ன்னு சொன்னவள். பாயசத்தில் உப்பு. அன்றைக்கு அவள் கட்டியிருந்தது பச்சைச் சேலை, மாம்பழக் கலர் பார்டர். அதுவும் கடன் வாங்கிய சேலை.

அவ்வளவும் செய்தவள் பேப்பரை விடுவாளா?

ஜூன் 19, வியாழன்

கீழ்பென்னாத்தூரில் இருந்து மகள் ஆதிலட்சுமி போன் செய்தாள். திருட்டு விஷயம் அவள் காதுக்குப் போய்விட்டது. சொன்னது மண்ணாங்கட்டி. அவன் வாய்க்கு மூடியே கிடையாது.

"வயசான காலத்துல ரோட்டுல உக்காந்து திருடனோட மல்லுக்கு நிக்கணுமா? திருட்டு நிக்குதா பாரு. நிக்கலன்னா கடைய எடுத்துட்டு இங்க வந்துடு. மெத்தை வச்ச சேர் இருக்கு, டிவி இருக்கு, நேரத்துக்குச் சோறு இருக்கு."

மெத்தை சேராம். செங்கம் ரோட்டில் என் முனையில் உட்கார்ந்தால் யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எவன் புது வண்டி வாங்கினான், எல்லாம் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே போனால் சீரியலில் அழுகிறவளைத்தான் பார்க்கலாம். அவளை எனக்கு யாரென்றே தெரியாது. அவள் அழுதால் எனக்கென்ன?

போக மாட்டேன். திருடனைப் பிடிப்பேன்.

ஜூன் 22, ஞாயிறு

மாப்பிள்ளை இளவரசன் டேப்போடு வந்தார். கீழ்பென்னாத்தூரில் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். மேசையை அளந்தார், பேப்பரை அளந்தார், என்னையும் ஒரு பார்வை அளந்தார்.

"அத்தை, காயின் போட்டா பேப்பர் குடுக்கற மிஷின் செஞ்சுடலாம். பெட்டி இரும்பு. காயின் விழுந்தா கதவு திறக்கும். ஒண்ணு எடுத்துட்டு மூடிட வேண்டியதுதான்."

"கதவு தெறந்தா ஒண்ணுதான் எடுப்பானா மாப்ள?"

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல அத்தை."

"அது இருந்தா பெட்டி எதுக்கு மாப்ள?"

மாப்பிள்ளை டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் ஒரு யோசனை சொன்னேன்: காசு போடாமல் கை விட்டால் எலிப்பொறி மாதிரி கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நான் வந்து பார்க்கும்வரை விடக்கூடாது. "கேஸ் ஆயிடும் அத்தை" என்றார். படித்தவர்களுக்கு எதற்கெடுத்தாலும் பயம்.

ஜூன் 26, வியாழன்

பெட்டி வந்தது. பத்து ரூபாய் காயினுக்கு ஓட்டை. எந்தக் கடையில் கொடுத்தாலும் வேண்டாம் என்கிற காயின், எல்லார் வீட்டு டப்பாவிலும் கிடக்கிறது. அந்தக் கணக்கில் மாப்பிள்ளை புத்திசாலிதான்.

எல்லம்மாளைக் கூப்பிட்டுச் சோதித்தோம். காயின் போட்டாள். கதவு திறந்தது. நாலு பேப்பர் எடுத்தாள்.

"ஏண்டி, ஒரு காசுக்கு நாலா?"

"கதவு இன்னும் தெறந்துதானக்கா இருக்குது" என்று ஐந்தாவதையும் எடுத்தாள்.

மாப்பிள்ளை மனசாட்சியைப் பற்றி அப்புறம் பேசவில்லை, பெட்டியைப் பட்டறைக்கே திருப்பிக் கொண்டுபோனார்.

ஜூன் 27, வெள்ளி

இன்றும் ஒன்று குறைந்தது. கல் அதே இடத்தில்.

ஜூன் 29, ஞாயிறு

பெட்டி திரும்பி வந்தது. மாப்பிள்ளை உடைசல் வேனில் இருந்து கண்ணாடி துடைக்கிற வைப்பர் மோட்டாரைக் கழற்றி உள்ளே மாட்டியிருக்கிறார். கதவே கிடையாது. இட்லித் தட்டு மாதிரி அடுக்கடுக்காகத் தட்டு, தட்டுக்கு ஒரு பேப்பர். காயின் விழுந்தால் வைப்பர் ஒரு வீசு வீசும், ஒரு பேப்பர் மட்டும் வெளியே வரும்.

வந்தது. வந்த வேகத்தில் ரோட்டைத் தாண்டிப் போய் எல்லம்மாளின் பூக்கூடையில் விழுந்தது. எனக்குத் திருப்திதான். மாப்பிள்ளைக்குத் திருப்தி இல்லை. ரெண்டாவது பேப்பர் மண்ணாங்கட்டி கையில் இருந்த டீ கிளாசைத் தட்டிவிட்டது. அவன் வேட்டியெல்லாம் டீ.

"யக்கா, இது பேப்பர் மிஷினா, பீரங்கியா?"

வேகத்தைக் கம்மி பண்ண மாப்பிள்ளை மறுபடி பட்டறைக்குக் கொண்டுபோனார்.

ஜூலை 2, புதன்

இப்போது மெதுவாக, பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண் காபி நீட்டுகிற மாதிரி நீட்டுகிறது. ஆனால் வாய் இல்லையே? யாராவது உலுக்கினால் யார் அதட்டுவது?

இதற்கும் மாப்பிள்ளை வழி வைத்திருந்தார். வெங்காய வண்டியில் கட்டியிருப்பார்களே, சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கர், அது ஒன்று. "அத்தை, திருடன் எதிர்ல நிக்கறான்னு நெனச்சிக்கிட்டு ஒரு தடவை பேசுங்க" என்று போனை நீட்டினார்.

நான் எல்லம்மாளை நினைத்துக்கொண்டேன். பாயசத்தை நினைத்துக்கொண்டேன். "ஒண்ணுதான் எடுக்கணும்! எனக்கு எல்லாம் தெரியும்!" என்றேன்.

போனைப் பிடித்திருந்த மாப்பிள்ளை ஒரு அடி பின்னால் போனார். "போதும் அத்தை. இதுவே போதும்."

ஜூலை 4, வெள்ளி

நல்ல நேரம் பார்த்துப் பெட்டியை நிறுத்தினோம். மஞ்சள் பெயிண்ட், மாப்பிள்ளை பட்டறையில் மிச்சம் இருந்தது. ஆயுத பூஜைக்குச் செய்கிற மாதிரி சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டி, கற்பூரம் காட்டினேன். இரும்பாக இருந்தாலும் முதல் நாள் மரியாதை செய்ய வேண்டாமா?

முதல் காயின் ராஜேந்திரன் போட்டார். "ஒண்ணுதான் எடுக்கணும்! எனக்கு எல்லாம் தெரியும்!" என்று பெட்டி கத்தியது. அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனார். எப்போதுமே பேசாத மனுஷன். அவருக்கும் சேர்த்து இத்தனை வருஷமாக நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

பெட்டி வேலைக்கு வந்ததில் இருந்து ஒரு பேப்பர் குறையவில்லை. ஒன்றுகூட!

காலையில் மண்ணாங்கட்டி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"யக்கா, பேப்பர் இல்லாம பெஞ்சுல ஒருத்தனும் உக்கார மாட்டேங்கறான். டீயக் குடிச்சிட்டு நிக்காம போயிடறானுங்க."

"அதுக்கு?"

"முன்னல்லாம் நீ லாட்ஜுக்குப் போனதும்..." என்று இழுத்தான்.

எனக்குப் புரிந்துவிட்டது. "அட பாவி, நீயாடா?"

"படிச்சிட்டுத் திரும்ப வச்சிடலாம்னுதான் எடுப்பேன் யக்கா. அதுக்குள்ள எவனாவது வடையை வச்சு அமுக்கிடுவான். எண்ணெய் ஊறின பேப்பரை எப்படித் திரும்ப வைக்கிறது? உனக்கு மரியாதையா இருக்குமா?"

தினமும் அவன் கடை வடையை நான் வாங்கித் தின்றிருக்கிறேன். என் பேப்பரிலேயே சுற்றிக் கொடுத்திருக்கிறான். தேதியைப் பார்க்காமல் வடையைப் பார்த்திருக்கிறேனே நான்!

பேச மாட்டேன். இனிமே அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்.

எல்லம்மாள் திருடவில்லை என்பது ஏமாற்றமாக இருக்கிறது. பாயசக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

ஆதிலட்சுமி பேசினாள். சந்தோஷப்படுவாளே என்று, திருடன் கிடைத்துவிட்டான், திருட்டு நின்றுவிட்டது என்று சொன்னேன். சந்தோஷப்பட்டாள்.

"அப்பறம் என்னம்மா, காலையில பேப்பர் நிரப்பறதுக்கு ஒரு ஆள் போட்டா போதும். கத்தறதுக்குக்கூட உன் குரலே உள்ள இருக்கு. நீ எதுக்கு? பௌர்ணமி முடியட்டும், வெள்ளிக்கிழமை வேன் அனுப்பறேன்."

நீ எதுக்கு. பெத்த பொண்ணு கேக்கறா. நீ எதுக்குன்னு.

என் வாயாலேயே எனக்கு வேலை இல்லாமல் செய்துகொண்டேனா?

ஜூலை 9, புதன்

மூட்டை கட்டினேன். பெட்டியை ஒரு உதை விட்டேன். கால் வலிக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

நேற்று பௌர்ணமி. கிரிவலம் வருகிறவர்கள் வழியில் விரித்து உட்காரப் பேப்பர் தேடுவார்கள் என்று பழைய பேப்பரையும் சேர்த்துத் தட்டுகளை நிரப்பிவிட்டு, சாயங்காலமே கடைக்குப் பின்னால் இருக்கிற என் ரூமுக்கு வந்து படுத்துவிட்டேன். மனசு சரியில்லை.

கொஞ்ச நேரத்தில் என் குரல் கேட்கிறது. ஒரு தரம் இல்லை. மறுபடி, மறுபடி, மூச்சு விடாமல். "ஒண்ணுதான் எடுக்கணும்! எனக்கு எல்லாம் தெரியும்!" கூடவே "அரோகரா!" என்று ஜனங்கள். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

பெட்டிக்கு முன்னால் வரிசை. அடி அண்ணாமலை ஊர் வரைக்கும் போய்விடும் போல இருந்தது. நான் வைத்த சந்தனம், குங்குமத்தோடு வருகிறவர்களெல்லாம் இன்னும் அப்பி, விபூதி பூசி, வாழைப்பழம் சொருகி வைத்திருந்தார்கள். காயினைக் கண்ணில் ஒற்றிப் போடுகிறார்கள், பெட்டி என் குரலில் அதட்டுகிறது, கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், வருகிற பேப்பரைப் பிரசாதம் மாதிரி ரெண்டு கையாலும் வாங்குகிறார்கள். கைக்கு 'மணமகள் தேவை' விளம்பரப் பக்கம் வந்த ஒரு அம்மா, பையனைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். "உனக்கு இந்த வருஷம் முடிஞ்சிடும்டா!"

ஒரு பெரிய மீசைக்காரர் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தாயே, தெரிஞ்சிடுச்சா! தம்பி பம்புசெட்டு ரூம் சாவிய ஒளிச்சி வச்சது நான்தான்! குடுத்துடறேன், நாளைக்கே குடுத்துடறேன்!"

"யோவ், அது என் குரல்யா. எழுந்திரு, வேட்டி அழுக்காவுது."

பின்னால் நின்ற பெண் என் தோளைத் தட்டினாள். "பாட்டி, சாமி பேசும்போது குறுக்க பேசாதீங்க."

எதிரே எல்லம்மாள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். "பேசற அம்மனுக்கு மாலை வாங்கிட்டுப் போங்க!"

"ஏண்டி, அது என் பெட்டிடி!"

"மாலை என்னுதுதானக்கா!"

கடைசியில் ஒரு போலீஸ்காரர் வந்து எல்லாரையும் நகர்த்தினார். தட்டில் ஒரு பேப்பர் இல்லை. வாழைப்பழம் உள்ளே நசுங்கி மோட்டார் புகைந்தது. இன்று காலை, பேப்பர் தீர்ந்த பிறகும் விழுந்த மிச்சக் காயினை முந்தானையில் கட்டிக்கொண்டு போய்க் கோயில் உண்டியலில் கொட்டிவிட்டு வந்தேன். சாமி என்று நினைத்துப் போட்ட காசு எனக்கு எதற்கு?

வேன் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். பெட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன்.

ஜூலை 12, சனி

மாப்பிள்ளை பழத்தைச் சுரண்டி, மோட்டாரைத் துடைத்து, பெரிய எழுத்தில் 'இது உண்டியல் அல்ல' என்று எழுதி வைத்தார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் யாரோ சரியாக 'அல்ல' மேல் சந்தனம் வைத்துவிட்டார்கள்.

நேற்றைக்கு முன்தினம் வந்த போலீஸ்காரர் மறுபடி வந்தார். படித்துப் பார்த்தார். "இது உண்டியல்" என்று சத்தமாக வாசித்தார். மாப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது.

"ஒண்ணு பெட்டிய எடுங்க. இல்லன்னா பக்கத்துலயே ஒரு ஆளைப் போடுங்க. பேப்பர் பெட்டி, சாமி இல்லன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லணும். சொல்லிட்டே இருக்கணும். சளைக்காம பேசற ஆளா இருக்கணும்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"ஆளு இருக்குதுங்க சார்" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

ஆதிலட்சுமியிடம் போனில் போலீஸ்காரர் சொன்னதைச் சொன்னேன். "அந்த மெத்தை சேரையாவது அனுப்பறேன், அதுல உக்காரு" என்றாள்.

மூட்டையைப் பிரித்தேன்.

ஜூலை 16, புதன்

பெட்டிக்குப் பக்கத்தில் மெத்தை சேர். அதில் நான். மடியில் கொஞ்சம் பேப்பர், காயின் இல்லாதவர்களுக்கு. ஆனால் காயின் வைத்திருக்கிறவர்களும் என்னிடமே வாங்கினார்கள். வெள்ளைக்காரம்மாகூட என் மடியில் இருந்து ஒன்று எடுத்து, படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். எல்லம்மாள் வந்து, அடுத்த பௌர்ணமிக்கு மட்டும், அது சாமி இல்லை என்று நான் சொல்லாமல் இருக்கச் சொல்லிக் கேட்டாள். யோசிக்கிறேன் என்றேன்.

எட்டு மணிக்கு ராஜேந்திரன் வந்தார். பேப்பரை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போனார். காயின் போட்டார். "ஒண்ணுதான் எடுக்கணும்! எனக்கு எல்லாம் தெரியும்!" என்றது பெட்டி. பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

"ஏங்க, நான் இங்க உக்காந்திருக்கறது கண்ணு தெரியலயா?"

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"இது ஒரு வார்த்தையோட நிறுத்திக்குதும்மா."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

மண்ணாங்கட்டியோடு சாயங்காலம் பேசிவிட்டேன், வடையும் தின்றேன். திருடினவனாக இருந்தாலும், நான் இருக்கிறேனா இல்லையா என்று பார்த்துவிட்டுத்தானே எடுத்தான்.

மன்னிக்கவே முடியாத ஆள் ஒருத்தர்தான். கரண்ட் ஆபீஸ் ராஜேந்திரன்.