காற்று பதின்மூன்று, பெட்ரோல் ஒன்று

மே 4

மீட்டர் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. இந்த முடிவுக்கு வர ஒரு வருஷம் ஆனது. எனக்கும் என் ஓர்ப்படிக்கும் வாய் நீளம், வேறு காரணம் இல்லை.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து பழைய கார் ஒன்றை வாங்கி, அதை மலைப்பாதைப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறோம் என்று வெளியில் சொல்லவா முடியும்? ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் துணி எடுக்கப் போகிறோம் என்று மாமியார் இன்னமும் நம்புகிறார். நகக்கண்ணில் கிரீஸோடு வெறுங்கையாகத் திரும்பினாலும் நம்புகிறார்.

போன வருஷம் அவள் ஓட்டினாள். பாதி மலையில் பிஸ்டன் உருகிவிட்டது. காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் உள்ளே சூடு ஏறும், வெளியே ஒன்றும் தெரியாது, அதைக் காட்டத்தான் இந்த மீட்டர். லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். லேத் பட்டறைக்காரர் சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இதுதான் கடைசி. இனிமே கடையறதுக்கு உள்ள இரும்பு இல்ல. இன்னொரு தடவ உருகினா இன்ஜினைத் தூக்கிப் போட வேண்டியதுதான்."

இந்த வருஷம் ஓட்டப்போவது நான். வாழ்க்கையில் முதல் தடவை. நான் கண் சோதிக்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று ஒருவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டே மனசுக்குள் கியர் மாற்றிக்கொண்டிருந்தேன். "மேடம், கீழ் வரிக்குப் போகலாமா?" என்று அவர் கேட்க வேண்டியதாயிற்று.

மே 9

உதிரிபாகக் கடை. மீட்டரில் மூன்று ஜாதி இருக்கிறது. ஒன்றில் வரிசையாகச் சின்ன விளக்குகள். "இது அழகுக்கு. கூடவா குறைவான்னு மட்டும் சொல்லும், எவ்வளவுன்னு சொல்லாது" என்று கடைக்காரரே ஒதுக்கிவிட்டார். இரண்டாவது முள் வைத்தது. மூன்றாவது எண் காட்டுவது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று போகிறது என்று புள்ளி வைத்துச் சொல்கிறது. முழு வேகத்தில் பதின்மூன்றை ஒட்டி இருந்தால் இன்ஜின் சுகம். அதற்கு மேலே ஏற ஏற ஆபத்து. கீழே போனால் கரியும் புகையும்.

"முள்ளு போதும்க்கா" என்றாள் ஓர்ப்படி.

"முள் என்ன சொல்லும், சுமாரா இங்கன்னு சொல்லும். நமக்குப் புள்ளிக்கணக்கு வேணும்" என்றேன். நாள் பூராவும் கால் கால் பவராகப் பார்க்கிற என்னிடம் சுமார் கிமார் எல்லாம் நடக்காது.

பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் என்னென்னவோ போட்டிருந்தது. அவளிடம் நீட்டி, "நீயே படி, நீதானே லேப்காரி" என்றேன். அவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். படித்தாள். தலையாட்டினேன். வாங்கிவிட்டோம், வாங்கிவிட்டோம், வாங்கிவிட்டோம்.

மே 10

சென்சாரைப் புகைக்குழாயில் பொருத்தியாகிவிட்டது. மீட்டர் ஓட்டுகிறவர் பக்கத்தில், முன்கண்ணாடி ஓரத்துத் தூணில், என் முகத்தைப் பார்த்து. சிவப்பு எண்கள். சாப்பிடக்கூட உள்ளே போகாமல் இருவரும் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொழுந்தன் எட்டிப் பார்த்து, "டி.வி. இருக்கே வீட்டுல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மே 17

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஓட்டுகிறவள் மீட்டரை வாசிக்க வேண்டும், மற்றவள் ஸ்பேனர் பிடிக்க வேண்டும். ஒருத்தி வேலையில் மற்றவள் மூக்கை நுழைக்கக் கூடாது. இந்தச் சட்டம் இல்லாவிட்டால் என்றைக்கோ அடித்துக்கொண்டிருப்போம்.

காலியான புறவழிச்சாலையில் மிதித்தேன். "பதிமூணு புள்ளி எட்டு" என்று கத்தினேன். காற்று கூடுதல். ஓரம் கட்டி, கார்புரேட்டரில் பெரிய ஜெட் மாற்றினாள். ஜெட் என்பது பெட்ரோல் போகிற துளை, அவ்வளவுதான். மறுபடி மிதித்தேன். பதின்மூன்று புள்ளி ஆறு. இன்னும் பெரிய ஜெட்.

பயங்கர சந்தோஷம். ராத்திரி தூக்கத்தில் நான் எண் சொன்னதாக இவர் சொல்கிறார்.

மே 24

பதின்மூன்று புள்ளி மூன்று. அசையமாட்டேன் என்கிறது. இருப்பதிலேயே பெரிய ஜெட்டும் போட்டாகிவிட்டது.

வண்டி இழுக்கவில்லை, இருமுகிறது. பின்னால் கரும்புகை. எதிர்வீட்டு அம்மா காயப்போட்ட வெள்ளை விரிப்பு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கரி. "என் வீட்டு விரிப்பு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். துவைத்துக் கொடுத்தேன். ஓர்ப்படி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினாள். மை போலக் கறுப்பு.

"பெட்ரோல் வழியுதுக்கா. ஆனா மீட்டர் காத்து ஜாஸ்தின்னு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய்."

பிளக் பொய் சொல்லாது. அப்போ அந்தக் கடைக்காரர் நம்ம தலைல மிளகாய் அரைச்சுட்டாரா? இருக்கட்டும், இருக்கட்டும். நாளைக்கே போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காம விடறதில்ல.

மே 25

கேட்டேன். நாலு அல்ல, ஏழெட்டுக் கேள்வி. கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் நிதானமாக வெளியே வந்து, "ஒரு ரவுண்டு போகலாம்" என்று ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில், ஓர்ப்படி பின்னால்.

மிதித்தார். "பத்து புள்ளி மூணு" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். "பதிமூணு புள்ளி மூணு."

"பத்து, மேடம்."

"பதிமூணு, சார். எனக்குக் கண் இல்லையா?"

பின்னாலிருந்து ஒரு தலை எங்கள் நடுவில் நுழைந்தது. மீட்டரை உற்றுப் பார்த்தது. பிறகு மெதுவாக, "பத்துக்கா" என்றாள்.

கடைக்காரர் ஓரம் கட்டினார். "மேடம் எங்க வேலை பாக்குறீங்க?"

தினமும் நாற்பது தாண்டியவர்களை உட்காரவைத்து, "வெள்ளெழுத்துதான், எல்லாருக்கும் வர்றது, இதுல என்ன வெட்கம்" என்று சொல்கிறவள் நான். எனக்கு நாற்பத்து மூன்று. சோதித்துக்கொள்ளவே இல்லை. பதின்மூன்று வர வேண்டுமென்று ஆசைப்பட்டேன், பூச்சியம் மூன்றாகத் தெரிந்துவிட்டது.

ஓர்ப்படி இறங்கி விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மானம் கப்பலேறிவிட்டது என்று ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு என்னாலும் முடியவில்லை. அந்தக் கம்பத்தையே நானும் பிடித்துக்கொண்டேன்.

மே 26

சிரிப்பு அடங்கினதும் பயம் வந்துடுச்சு. பெட்ரோல் பக்கம் தப்பு ஆனதால கரியோட போச்சு. இதே தப்பு காத்துப் பக்கம் ஆகியிருந்தா? இருக்கிற ஒரே இன்ஜின். அவ முகத்துல எப்படி முழிச்சிருப்பேன்?

சாயங்காலம் சாவியை அவளிடம் கொடுத்தேன். "நீயே ஓட்டு."

"ரோடு தெரியுதா?"

"தெரியுது. தூரத்துப் பார்வைக்கு ஒரு குறையும் இல்ல. படிக்கிற கண்ணாடி போட்டாத்தான் ரோடு மங்கும்."

"பள்ளம் தெரியுதா, வளைவு தெரியுதா? அப்ப பேசாம ஓட்டு. மீட்டர் நம்பரை மட்டும் நான் பாத்துக்கறேன்" என்று சாவியை என் மடியில் போட்டுவிட்டாள்.

மே 31

கடைக்காரர் எண் மீட்டரை எடுத்துக்கொண்டு முள் மீட்டர் கொடுத்தார். சிரிக்காமல் கொடுத்தார், அதற்காகவே கும்பிடலாம்.

ஓர்ப்படி அதை நேராக மாட்டவில்லை. பதின்மூன்றில் நிற்கும்போது முள் செங்குத்தாக வானத்தைப் பார்க்கிற மாதிரி வட்டத்தையே திருப்பி மாட்டினாள். எண்கள் எல்லாம் கோணலாக நிற்கின்றன. நின்றால் என்ன, யார் படிக்கப்போகிறார்கள்? முள் நேராக இருந்தால் மிதி. வலப்பக்கம் சாய்ந்தால் காற்று கூடுதல், காலை எடு.

ஜெட்டுகளை ஒவ்வொன்றாகச் சிறிதாக்கினோம். இந்தத் தடவை வாசித்தது அவள். சட்டத்தைத் திருத்திவிட்டோம்.

ஜூன் 8

பிளக் பிஸ்கட் நிறம், அதாவது கலவை கச்சிதம். முள் குச்சி மாதிரி நிற்கிறது. வண்டி பறக்கிறது. மாமியாரைக் கட்டிப்பிடித்தேன். "நல்ல துணி கிடைச்சுதா?" என்றார்.

ஜூன் 15

மலை.

கொடி விழுந்ததும் வேறு யாரோ மாதிரி ஆகிவிட்டேன். முதல் வளைவு, இரண்டாம் வளைவு, முள் நேர். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன், ஹெல்மெட்டுக்குள் எனக்கே கேட்டது. மூன்றாவது கொண்டைஊசியில் திரும்பி முழுக்க மிதித்த இடத்தில் முள் சட்டென்று வலப்பக்கம் படுத்தது. அந்தத் திருப்பத்தில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி ஜெட்டுக்கு எட்டவில்லை.

விட்டால் நேரம் போகும். விடாவிட்டால் இன்ஜின் போகும். இன்ஜின் அந்த நேரம் பார்த்து எவ்வளவு இனிமையாகக் கத்தியது என்று சொல்ல முடியாது. போன வருஷம் அவளுக்கும் இப்படித்தான் கத்தியிருக்கும்.

காலை எடுத்தேன். வண்டி தொய்ந்தது. முள் மெல்ல எழுந்து நின்றது. மறுபடி மிதித்து மேலே போய்ச் சேர்ந்தேன். கடைசியிலிருந்து மூன்றாவது இடம்.

கீழே நின்றவளுக்குச் சத்தம் அறுந்தது மட்டும்தான் கேட்டிருக்கிறது. போச்சு என்று நினைத்து, நடைபாதை வழியாக மலை மேலே ஓடியே வந்துவிட்டாள். ஒரு காலில்தான் செருப்பு.

"போச்சாக்கா?"

"இல்ல. காலை எடுத்துட்டேன்."

"ஸ்டார்ட் பண்ணு."

பண்ணினேன். கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். நேரம் என்ன, எத்தனையாவது இடம், ஒன்றும் கேட்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்ஜினை அணைக்க இருவருக்கும் தோன்றவில்லை.

ஜூன் 16

நேற்று எழுதாமல் விட்டது: திரும்பி வருகையில் அவள் பக்கத்து சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். எங்கள் தெருமுனை வந்தது. எழுப்ப மனசு வரவில்லை. திரும்பாமல் நேராகவே போனேன், இன்னொரு சுற்று. அப்புறம் இன்னொன்று.