வீட்டுக்கு ஒரு குப்பைத் தொட்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் சௌக்கியம் நீ எழுதினால்தான் தெரியும். நம் வீட்டுக்கு ஒரு குப்பைத் தொட்டி வாங்குவதென்று, தீர ஆலோசித்து, ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறோம். ஊரார் குப்பையையெல்லாம் வாங்கிப் புதைத்துப் பெரிய மனிதரான உன் அப்பா, தன் வீட்டுக் குப்பையை மட்டும் தினமும் பையில் போட்டுத் தானே கிடங்குக்குச் சுமந்தது உனக்குத் தெரியும், ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் குப்பைப் பை. வாடகை லாரி ஒன்றும் ஒரு பள்ளமுமாக அவர் தொழில் தொடங்கியபோது உன் மாமா, "மச்சான் தொட்டதெல்லாம் குப்பைதான்" என்றதை இன்றுவரை பாராட்டாகவே வைத்திருக்கிறார்.

இப்போது பள்ளம் நிரம்பி மலையாகிவிட்டது. மண் போட்டு மூடி, புல் வளர்த்து, அதைப் பூங்காவாக்க அனுமதி கேட்டிருந்தார். கிடைக்காவிட்டால் சுற்றிலும் முள்வேலி, 'அபாயம்' என்று ஒரு பலகை. ஆயுசு முழுக்க உழைத்ததற்கு அந்தப் பலகைதான் மிச்சமா என்று அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. வியாழக்கிழமை ஆய்வுக்கு ஒரு அதிகாரி அம்மாள் வந்தார். அவருக்கும் சேர்த்துச் சமைத்து, அத்தையிடம் இரவல் வாங்கிய எவர்சில்வர் சாப்பாட்டு அடுக்கில் வைத்து அனுப்பினேன். அன்று காலைதான் உச்சியில் கடைசிக் குழியை மூடினார்கள். கடைசிக் குப்பை நம் வீட்டுடையதாக இருக்க வேண்டுமென்று இவர் தன் கையாலேயே பையைப் போட்டு, மண் தள்ளச் சொல்லி, மேலே ரோலர் ஓடியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

அந்த அம்மாள் மண்ணைப் பார்த்தார், கிணற்றுத் தண்ணீரைப் பார்த்தார், வாயு வெளியேறும் குழாயை மோந்து பார்த்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மதியம் இவர், "வீட்டுச் சாப்பாடு மேடம், ஒரு வாய் சாப்பிடுங்க" என்று பையைப் பிரித்தால் உள்ளே வெங்காயத் தோலும் முட்டை ஓடும் ஒரு ஒற்றைச் செருப்பும். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் மூடியாச்சுன்னு சொன்னீங்களே சார்" என்று கேட்டு, குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம், ஓயவே இல்லையாம். பிறகு, "மண்ணு நல்லாருக்கு, தண்ணி நல்லாருக்கு, சாப்பாட்டைத்தான் மாத்தணும்" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார். அடுக்கின் கனம்கூடவா தெரியவில்லை என்று இவரைக் கேட்டேன். "மனசு கனத்துக் கெடந்துச்சு, கை கனம் எங்க தெரியும்" என்கிறார். அன்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை, குளிக்கும்போது பாடுகிறார், அக்கம்பக்கத்தார் பெருந்தன்மையானவர்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு, கையில் இருப்பது எந்தப் பை என்று பார்த்துக் கிளம்பு. அத்தை போனில் கேட்டால் அடுக்கைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது. எப்போதும் சிரித்த முகமாக நன்றாக இரு.

இப்படிக்கு,
தொட்டிக்கு நிறம் தேடிக்கொண்டிருக்கும்
அம்மா

பின்குறிப்பு: அனுமதியின் முதல் நிபந்தனை, அந்த மலையை இனி யாரும் எதற்காகவும் தோண்டக்கூடாது என்பது.