நீங்களும் சொன்ன அந்தச் "சும்மா"

என் பேரனின் தாத்தாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஐந்தாம் வகுப்புக் கையெழுத்துதான், ஆனாலும் யாரையும் கெஞ்சாமல் நானே எழுதுகிறேன்.

நான் தங்கிச் சமைக்கும் வீட்டுப் பெரியவர், மனைவியைப் பறிகொடுத்தவர், போனில் பணம் வைத்து ரம்மி ஆடுகிறார். கேட்டால் "சும்மாதாம்மா" என்பார். நேற்று கண் போனிலேயே இருக்க, வெறும் தட்டைப் பிசைந்துகொண்டிருந்தார். சிரித்துவிட்டேன்.

"ஒரு சீட்டுல போச்சும்மா! விட்டதைப் பிடிச்சிடுவேன்."

"பிடிச்சு யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "ஆடுறப்போ அவ இல்லாதது தெரியலம்மா" என்றார்.

ஆசைக்கு ஆடுகிறவன் ஒரு ரகம், மறக்க ஆடுகிறவன் வேறு ரகம். ஆசைக்காரன் கை காலியானால் எழுந்துவிடுவான். மற்றவன் எழுந்து எங்கே போவான்?

போன வாரம் நான் போனில் கூப்பிட்டபோது, "இரு, இந்த ஆட்டம் முடியட்டும்" என்றீர்கள். என்ன ஆட்டம் என்றதற்கு நீங்களும் "சும்மா" என்றீர்கள். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இங்கே குளிர், என் பழைய சால்வையை அனுப்புங்கள், உங்கள் பெட்டியில்தான் கிடக்கும். கை பரபரத்தால் என்னைக் கூப்பிடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டாவது எடுப்பேன். நான் இல்லாதது உங்களுக்கு நன்றாகத் தெரியட்டும்.

பெரியவர் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி