அபிஷா சொல்லாத ஒண்டு

செப்ரெம்பர் 2, செவ்வாய்

கச்சான் காத்து. விடியவே வெக்கை. முன்பள்ளிக்குள்ள புழுதி பறந்து வந்து பாயெல்லாம் நறநற. ரெண்டு தரம் கூட்டியாச்சு.

ஞாயிறு திருகோணமலையில இருந்து பஸ்ஸில கொண்டு வந்தது: பசை ரெண்டு போத்தல், பிஸ்கட் பெட்டி மட்டை, அம்மா சேத்து வைச்ச சோடா மூடி, துறைமுகத்தடியில பொறுக்கின வலை மிதவை. மிதவையைக் கழுவியும் மணம் போகேல்ல. பக்கத்தில இருந்த மனுசி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவ.

மட்டையில 1 தொடக்கம் 10 வரைக்கும் பசையால எழுதி, இலங்கைத்துறைக் கடற்கரை மணல் தூவிக் காய வைச்சாச்சு. பிள்ளையள் விரலால தடவித் தடவி இலக்கம் பிடிக்க வேணும். எனக்கு உதவிக்கு நிக்கிற ஜெயந்தி அக்கா பாத்திட்டு, பரவாயில்லை எண்டா. அவவின்ர வாயில அதுவே பெரிய விசயம்.

அபிஷாவின்ர கதைதான் மண்டைக்குள்ள. தை மாசம் முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டிய பிள்ளை. போன மாசம் முன்பள்ளி பாக்க வந்த உத்தியோகத்தர் 1 எண்ட அட்டையைக் காட்டிக் கேக்க, வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிண்டாள். ஒண்டையே தெரியாத பிள்ளை, இன்னுமொரு வருசம் இஞ்சயே இருக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார். தாயும் அதுக்கு ஓமாம். ஊருக்குள்ள மந்தம் எண்டும் கதை தொடங்கிட்டுது. எனக்குப் பத்திக்கொண்டு வருது. அவள் மந்தமில்லை. அடுத்த கிழமை புதன் அவர் திரும்ப வாறார்.

செப். 3, புதன்

மணல் அட்டை வெற்றி. கண்ணைக் கட்டிவிட்டுத் தடவச் சொன்னன். ஒரே கும்மாளம். அபிஷா 7, 4, 9 எல்லாம் டக்கு டக்கெண்டு சொல்லுறாள். மற்றதுகள் இன்னும் 2இல நிக்குதுகள்.

1ஐக் குடுத்தன். தடவினாள். சிரிச்சாள். எண்ணுறதுக்கு வைச்ச சோகிச் சிப்பியில ஒரேயொண்டை எடுத்து அட்டைக்கு மேல வைச்சாள். வாய் மட்டும் திறக்கேல்ல. எண்ணச் சொன்னாலும் ரெண்டில இருந்துதான் தொடக்கம்.

அப்ப தெரியும். தெரிஞ்சும் சொல்லாள். கெஞ்சிப் பாத்தன், டொபி காட்டிப் பாத்தன், கொஞ்சம் அதட்டியும் பாத்தன். ம்ஹூம். பிடிவாதத்தில என்னை வெண்டிட்டாள்.

செப். 4, வியாழன்

தலையிடி. பனடோல் ரெண்டு.

ஜெயந்தி அக்கா ஒரு பை நெல்லு கொண்டு வந்தா. தகரப் பேணியால அள்ளிப் பெட்டிக்குள்ள போட்டு எண்ணுற விளையாட்டு. பாதி நெல்லு பாயில, கொஞ்சம் ஒருத்தன்ர காதுக்குள்ள. ஊதி எடுத்தாச்சு.

அபிஷாவின்ர முறை. பேணியை நிரப்பி, உள்ளங்கையால வழிச்சு, பெரிய மனுசர் மாதிரி இழுத்து, "லாபம்..." எண்டாள். பிறகு ரெண்டு, மூண்டு, நாலு. பத்து வரைக்கும் ஒரு பிசகில்லை. இவ்வளவு சத்தமா அவள் கதைச்சு நான் கேட்டதேயில்லை.

நான் முழுசிக்கொண்டு நிக்க, ஜெயந்தி அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறா. களத்தில நெல்லு அளக்கேக்க முதல் மரைக்காலுக்கு ஒண்டெண்டு சொல்லுறேல்லையாம், லாபம் எண்டுதானாம். ஒண்டெண்டால் விளைச்சல் அதோட நிண்டிடும் எண்டு பயம். மெஷின் வெட்டினாலும் விதைநெல்லுக்கு இண்டைக்கும் இதுதான் வழக்கம். போன மாசம், உத்தியோகத்தர் வர முதல், தேப்பன் அளக்கத் தொடங்கேக்க அபிஷா பக்கத்தில நிண்டு ஒண்டெண்டு கத்தியிருக்கிறாள். மனுசன் எல்லாருக்கும் முன்னால நல்லா ஏசிப்போட்டாராம். ஜெயந்தி அக்கா பக்கத்து வயல்காரி, கண்ணால கண்டவ. அண்டையோட அபிஷா அந்தச் சொல்லை விட்டிட்டாள்.

நான் திருகோணமலை ரவுண்காரி, அரிசியைக் கடையிலதான் கண்டனான். எனக்கென்னெண்டு தெரியும்? ஆனா சந்தோசம் தாங்கேல்ல.

செப். 5, வெள்ளி

பின்னேரம் அவையின்ர வீட்டை போனனான். தேப்பனுக்கு ஏசினதே ஞாபகமில்லை. ஒருக்கா முன்பள்ளிக்கு வந்து நீங்களே பிள்ளைக்குச் சொல்லுங்கோ எண்டன். வேலை கிடக்கு ரீச்சர், வர ஏலாது எண்டார். விடுவனா? உங்கட பிள்ளையின்ர ஒரு வருசம் வீணாப் போகப் போகுது எண்டு சொல்லிப்போட்டு முற்றத்தில அப்பிடியே நிண்டனான். அவர் உள்ள போயிட்டார். தாய் தேத்தண்ணி தந்தவ. குடிக்க மனமில்லை, ஆனாலும் குடிச்சன்.

செப். 8, திங்கள்

அபிஷாவின்ர தேப்பன் வந்திட்டார். கழுவின சேட்டு, தலைக்கு எண்ணெய். சின்னக் கதிரையில இருக்கப் பாத்து, அது கிறீச்சிட, பாயில குந்தினார். மகளின்ர விரலைப் பிடிச்சு மணல் 1இல மேலயிருந்து கீழ இழுத்தார்.

"இது களமில்லை மகள். இஞ்ச சொல்லலாம். அப்பா ஏசமாட்டன்."

அவள் அவரின்ர முகத்தையே பாத்தாள். அவர் முதல் தானே சொன்னார். பிறகு அவளும், காதுக்குள்ள சொல்லுற மாதிரி. பிறகு கொஞ்சம் பலமா. பிறகு வகுப்பு முழுக்கக் கூரை பிரியக் கத்தினதுகள். மூக்கு ஒண்டு, வாசல் ஒண்டு, காகம் ஒண்டு, ரீச்சர் ஒண்டு. மத்தியானம் வரைக்கும் இதேதான். குசினிக்குள்ள போய் அழுதனான். ஜெயந்தி அக்கா கண்டும் காணாத மாதிரி கோப்பை கழுவினா.

செப். 10, புதன்

உத்தியோகத்தர் பிந்தித்தான் வந்தவர். வெயிலில வந்த கோபம் முகத்தில. அட்டையளைக் கலைச்சுப் போட்டு அபிஷாவைக் கூப்பிட்டார். தாய் வாசலில.

எல்லாம் சொன்னாள். 1ஐ வேணுமெண்டே கடைசிக்கு வைச்சிருந்தவர். எடுத்து நீட்டினார்.

"ஒண்டு."

அண்டைக்கு ஏன் பிள்ளை சொல்லேல்ல எண்டு கேட்டார்.

"அண்டைக்கு அப்பா அளந்து முடியேல்ல. நான் சொல்லியிருந்தா எங்கட நெல்லு குறைஞ்சிருக்கும்."

ஏச்சுக்குப் பயமெண்டு நினைச்சனாங்கள். இவ்வளவு நாளும் தேப்பன்ர நெல்லுக்குக் காவல் நிண்டிருக்கிறாள். உத்தியோகத்தர் அட்டையைக் கீழ வைச்சார். பிறகு தாயைக் கூப்பிட்டு, தை மாசமே பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கோ எண்டார். இனி மந்தமெண்டு ஆரும் என்ர முன்னால வந்து சொல்லிப் பாக்கட்டும்.