இந்தியாவின் கோலைக் காத்தவளுக்கு

புது ஃப்ளெக்ஸ் பேனருக்கென்று ஒரு நாற்றம் உண்டு. மண்ணெண்ணெயும் எரிந்த பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி. இரண்டு வாரமாக அபிராமபுரத்தில் என் வீட்டு முன்னறை முழுக்க அந்த நாற்றம்தான். சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பிரித்தால் மூவர்ணப் பட்டை, ரோஜா மாலை, "கண்ணீர் அஞ்சலி", அதன் கீழே இந்திய மகளிர் கால்பந்து அணியின் முன்னாள் கோல்கீப்பர் என்று உன் பெயர். மாலைக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருப்பது நான்.

உன் காரியத்தன்று கால்பந்துச் சங்கத்து ஆட்கள் வந்து அதை மாட்டினார்கள். அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார்கள். உன் மகன்தான் முதலில் கவனித்தான். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, இது அம்மா இல்ல, நீங்க. நான் இத்த வெச்சிகினு இன்னா பண்றது? நீங்களே எத்துகினு போய்டுங்க" என்றான். அழுவதா சிரிப்பதா என்று அவனுக்கே தெரியவில்லை.

சங்கத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பையன் பொறுமையாகத்தான் கேட்டான். "சாரி மேடம், குரூப் போட்டோலேர்ந்து கட் பண்ணும்போது மாறிடுச்சு போல. இன்ஸ்டாலயும் போட்டாச்சு, நிறைய பேர் ஷேர் பண்ணிட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே டீம்தானே மேடம்?"

"நான் உயிரோட இருக்கேன்" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம் மேடம்" என்றான்.

போனை வைத்துவிட்டேன். இந்த மாதிரி எது நடந்தாலும் முதல் போன் உனக்குத்தான் போகும். இப்போது அதற்கு வழியில்லை. அதனால் எழுதுகிறேன்.

அணி என்று நம்மைச் சொன்னார்களே தவிர, அகப்பட்ட பெண்களைச் சேர்த்துக் கட்டிய கூட்டம்தானே அது. நான் நூறு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள். இடது ஓரத்தில் ஓடவிட்டார்கள். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வந்த நீ கபடி ஆடிக்கொண்டிருந்தாய். கீழே விழப் பயப்படவில்லை என்பதற்காகவே உன்னைக் கோலில் நிறுத்தினார்கள். "நம்மாத்துப் பொண்ணு அரை டிராயர் போட்டுண்டு பந்து ஒதைக்கறாள்னு வெளில சொல்லிக்க முடியறதா?" என்று என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். உன் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "முட்ட குடுப்பாங்களா?"

குடுப்போம் என்றார்கள். எத்தனை முட்டை சாப்பிட்டோம் என்பது உனக்கும் எனக்கும் தெரியும்.

இந்தியாவுக்கு ஆடப் போனபோது முன்பதிவில்லாப் பெட்டியில், கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில், செய்தித்தாள் விரித்து உட்கார்ந்து போனோம். பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுத் தூங்கினோம். அப்படிப் போய்த்தான் ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை வந்தோம். தோற்றோம். ஆனாலும் ஆசியாவில் இரண்டாம் இடம். இன்று யாரிடமாவது சொன்னால், "அப்பல்லாம் லேடீஸ் ஃபுட்பால் இருந்துதா?" என்று கேட்கிறார்கள்.

அந்த ஆட்டத்தில் நீ ஒரு பந்துக்குப் பாய்ந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சிராய்த்துக்கொண்டாய். ஆட்டம் முடிந்து பஸ்ஸில் ஏறினால், மேனேஜர் கோணிப்பையோடு நிற்கிறார். ஜெர்சியை எல்லோரும் கழற்றிக் கொடுக்க வேண்டுமாம். வேறு அணிக்கு வேண்டுமாம். உன் சட்டைக் கை காயத்தோடு ஒட்டிக் காய்ந்துவிட்டிருந்தது.

"தோலோட சேந்து வரும் நைனா, வாங்கிக்கிறியா?" என்று கேட்டாய்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையை மட்டும் நீட்டியபடி இருந்தார். நான் துண்டால் மறைத்துக்கொண்டு நின்றேன். நீ உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்தாய். அந்தச் சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது. இந்தியாவின் பெயர் எழுதிய அந்தச் சட்டை ரத்தத்தோடு பைக்குள் போனது. அவர் எண்ணிப் பார்த்துக்கொண்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார்.

அதற்குப் பிறகு அந்த அணி என்ன ஆனது என்று நாம் தெரிந்துகொண்டது, செய்தி எதுவும் வராததை வைத்துத்தான். வருடக்கணக்கில் ஆட்டமே இல்லை. ஒரு கட்டத்தில், ஆடாத அணி என்று உலகத் தரவரிசையிலிருந்தே பெயரை எடுத்துவிட்டார்கள். தோற்றுத் தோற்றுக் கீழே போவதில்கூட ஒரு மரியாதை இருக்கிறது. ஆடவே விடாமல் அழித்தார்கள். அதற்கு எந்த மைதானத்திலும் யாரும் கூச்சல் போடவில்லை.

எனக்கு ஒரு வங்கி வேலை அமைந்தது. நீ அடையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவானாய். கரையோரக் குடிசைகளை இடித்து உங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்ட பிறகு, இரண்டு பஸ் மாறி அதே வேலைக்கு வந்தாய். அங்கே உன்னை யாரென்று யாருக்கும் தெரியாது. சொல்லேன் என்றால், "சொன்னா இன்னா? கையில கீற வெளக்கமாத்த வாங்கிக்குவாங்களா?" என்பாய்.

தி.நகர் கல்யாண மண்டபத்தில் நமக்குப் பாராட்டு விழா வைத்தார்களே, அதை மட்டும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மதியமே வரச்சொல்லிவிட்டு, சினிமாக்காரர் வரும்வரை பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் பெரிய நாற்காலிகள் அவர்களுக்கு, பிளாஸ்டிக் நாற்காலிகள் நமக்கு. சங்கத் தலைவர் பேசினார்: "இந்தச் சகோதரிகள் அந்தக் காலத்தில் எதையுமே எதிர்பார்க்காமல் தாய்நாட்டுக்காக ஆடினார்கள். இதுவல்லவா தியாகம்!" கைத்தட்டல். பக்கத்தில் திரும்பினால் உன் நாற்காலி காலி. நீ மைக் அருகே போய்விட்டிருந்தாய்.

"எதிர்பாக்கலன்னு யாருய்யா சொன்னது? எதிர்பாத்தோம். முட்ட எதிர்பாத்தோம். ஷூ எதிர்பாத்தோம். ரயில்ல குந்த எடம் எதிர்பாத்தோம். குடுக்காதது நீங்கோ. அத்த தியாகம்னு எங்க தலையில கட்டாதீங்கோ."

மைக்கை அணைத்துவிட்டார்கள். நீ நிறுத்தவில்லை. கபடி ஆடிய தொண்டைக்கு மைக் எதற்கு? கடைசி வரிசை வரை கேட்டது. யாரோ ஒருவர் அவசரமாக உன் தோளில் சால்வையைப் போட்டு, அப்படியே அணைத்தாற்போல் உன்னைப் படியிறக்கிவிட்டார். தலைவர் சிரித்தபடியே இருந்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

பனகல் பார்க் ஓரமாக நாம் காப்பி குடித்தோம். டம்ளரை உன்னால் பிடிக்க முடியவில்லை. "கை நடுங்குது பாரு மயிலு. பெனால்டிக்குக்கூட நடுங்குனதில்ல" என்றாய். மயிலாப்பூர்க்காரி என்பதால் நீ எனக்கு வைத்த பெயர் அது. அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட இப்போது யாருமில்லை. அடுத்த மழைக்காலத்திலேயே உன் சிறுநீரகம் கெட்டது. பிறகு ஆஸ்பத்திரி, பிறகு நீ இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கத்திலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். பெண்கள் அணி பயிற்சிக்காக வந்திருக்கிறது, வந்து ஆசீர்வாதம் பண்ணுங்கள் என்று. "போகாதேம்மா, உனக்கு பிரஷர் ஏறும்" என்றாள் என் மகள். போனேன். பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். செயலாளர் எனக்குப் பின்னால் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். காலில் விழ வந்தவளைத் தடுத்து, "சாப்பாடு, தங்கற இடமெல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

அவள் செயலாளரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லச் சொன்னாங்க மேடம்."

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட நேரத்துக்கென்று எனக்கு ஒரு புன்னகை உண்டு, உனக்குத் தெரியும். வீட்டில் பழக்கியது, வங்கியில் மெருகேற்றியது. அது அன்றைக்கு வரவில்லை. திரும்பினேன்.

"இன்னா நைனா, கொயந்தைங்கள இன்னா சொல்லச் சொன்ன?"

செல்போன் கீழே இறங்கியது. எங்கள் வீட்டில் எவரும் அப்படிப் பேசியதில்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆட்டம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்த குரல்தான் அது. எனக்குள் அது இன்னும் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

"மேடம், அது வந்து..." என்று அவர் ஏதோ ஆரம்பித்தார். நான் கேட்காமல் புல்லில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"இப்ப நீ சொல்லு" என்றேன்.

அவள் கழிவறையிலிருந்து ஆரம்பித்தாள்.